ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அடி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எத்தாளையில் பதுர்தீனின் வீட்டு வளவில் இருந்தவர்கள்:

டெங்கு பரிசோதனைக்கு வந்த சுகாதார அதிகாரி. அவருக்குத் துணையாக ஒரு பொலிஸ்காரர். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன உதவியாளன் முபாரிஸ். பாதி உரித்த வெங்காயத்தோடு, வீட்டுக்கார உம்மா நிஸ்மியா. ஐந்து பெட்டித் தேனீக்கள். அவற்றை யாரும் எண்ணவில்லை.

அந்த வீட்டு மகள் ஹஃபீலா அங்கே இல்லை. வாப்பாவின் பூசணித் தோட்டத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது, பெட்டிகளுக்கு முன்னால் அவள் வைத்திருந்த ஆறு தயிர்ச் சட்டிகளில் ஐந்து கவிழ்ந்து கிடந்தன. ஆறாவது ஒருவனின் கையில் இருந்தது.

"என்ன செய்றீங்க?"

"தண்ணி தேங்கி நிண்டிச்சு, தங்கச்சி. நுளம்பு முட்டையிடும்."

"அது தேனீ குடிக்கிற தண்ணி."

முபாரிஸ் சிரித்துவிட்டான். அவன் சிரித்திருக்கக் கூடாது.

"தேனீக்குத்தான் தேன் இரிக்கே?"

"ஒங்களுக்கும்தான் சோறு இரிக்கி. தண்ணி குடிக்க மாட்டீங்களா?"

பொலிஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

"தங்கச்சி, நான் சொல்றது என்னெண்டா..."

"நான் ஒங்கட தங்கச்சி இல்ல. சட்டிய வைங்க."

அப்போதுதான் முபாரிஸ் அவளுடைய கண்களைப் பார்த்தான். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் கண் சுருங்கும். இவளுக்கு விரிந்தது. வெயிலில் நடந்து வந்த முகத்தில் அந்தக் கண்கள் மட்டும் ஈரமாக, குளிர்ச்சியாக... அவன் சட்டியை வைத்தான். ஆனால் அதற்கு முன் அதிலிருந்த தண்ணீரை ஊற்றிவிட்டான். அதிகாரி பக்கத்தில் நின்றார். புது வேலை. வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு சட்டியிலும் கூழாங்கல்லும் சிப்பியும் நிரப்பி, கல்லின் தலை நனையாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டிருந்தாள் ஹஃபீலா. தேனீ கல்லில் இறங்கும். கால் நனையாமல் குனிந்து குடிக்கும். வெயில் ஏறினால் பெட்டியைக் குளிர வைக்கவும் அதே தண்ணீரைத்தான் சுமந்து போகும். கல் இல்லாத ஆழமான தண்ணீரில் இறங்கினால் மூழ்கிச் சாகும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் அவள் சட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுவாள். நுளம்புப் புழு வளர்ந்து பறக்க ஒரு கிழமையாவது வேண்டும். அவளுடைய சட்டியில் அதற்கு அவகாசமே கிடையாது. இதையெல்லாம் அவள் சொல்லத் தொடங்கியபோது அதிகாரி அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழம திரும்ப வந்து பாப்பம். அதுவரைக்கும் ஒரு சட்டியும் இரிக்கப்படாது. இரிந்தா வழக்குத்தான்."

நாலு நாள். கச்சான் காற்று மணலைச் சுடச்சுட வாரி இறைக்கிற நாலு நாள்.

தேனீக்கள் வழக்குக்குப் பயப்படவில்லை. தண்ணீரைத் தேடிப் போயின. வளவின் பின்மதிலுக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பு. அதைத் தாண்டினால் பள்ளிவாசல். அங்கே தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்கிற ஹவுழ், பெரிய தொட்டி, விளிம்பு மட்டும் தண்ணீர். தேனீ ஒரு தடவை தண்ணீர் கண்ட இடத்தை இலகுவில் விடாது. நூற்றுக்கணக்கில் போயின. பாதி மூழ்கிச் செத்தன. மிச்சம், முகம் கழுவக் குனிந்தவர்களைக் கொட்டின.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, பள்ளித் தலைவர் றஊப் ஹாஜியார் நாலு பேரோடு பதுர்தீனின் வாசலுக்கு வந்தார். அவருடைய வலது காது வீங்கிப் பளபளத்தது. அதே நேரம், திரும்பப் பார்க்க அனுப்பப்பட்ட முபாரிஸும் கையில் பரிசோதனை அட்டையோடு வாசலில் நின்றான்.

"பதுர்தீன், ரெண்டு வருசமா நாங்க ஒண்டும் சொல்லல்ல. இப்ப என்ன புதுசா? பாங்கு சொல்ற மோதினார்ட கண்ணப் பாருங்க, தொறக்க ஏலாம இரிக்கி."

பதுர்தீன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மகளைப் பார்த்தார்.

ஹஃபீலா முபாரிஸைப் பார்த்தாள்.

ஒரு வசனம் போதும். நான்தான் சட்டிகளைக் கவிழ்த்தேன், விசாரிக்காமல் கவிழ்த்தேன் என்றால் முடிந்தது. முபாரிஸுக்கு அது தெரியும். ஊர் ஆட்களுக்கு முன்னால், புது வேலைச் சட்டையோடு நின்றுகொண்டு... அவன் அட்டையைப் பார்த்தான். அதில் வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"என்ட பிழை ஹாஜியார்," என்றாள் ஹஃபீலா. "இஞ்ச தண்ணி வைக்கல்ல. அதால அங்க வந்திரிக்கி."

"அப்ப பெட்டிய எடுத்துருங்க மகள். நாளைக்கே எண்டு சொல்லல்ல. அடுத்த ஜும்ஆ போகட்டும், அதுக்கடுத்த ஜும்ஆக்குள்ள ஹவுழ்ல ஒரு தேனீயும் இரிக்கப்படாது. இரிந்தா அஞ்சு பெட்டியும் ஊருக்கு வெளிய."

அந்த ஐந்து பெட்டிகளும் அவளே கற்று, அவளே கொட்டு வாங்கி, ஒன்றிலிருந்து ஐந்தாக்கியவை. அவை வந்த பிறகுதான் வாப்பாவின் பூசணி ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கியது. எல்லோரும் போன பின் அவள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முபாரிஸைத் திட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

திட்டியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் நண்பகல் ளுஹர் தொழுகைக்கு அவன் ஆலங்குடாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் எத்தாளைப் பள்ளிக்கு வந்தான். தொழுது முடிந்ததும் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். சட்டிகளைக் கவிழ்த்தது நான். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. நேற்றே சொல்லாததும் என் பிழை.

றஊப் ஹாஜியார் காதைத் தடவிக்கொண்டார். "அப்ப நீங்களே சரி பண்ணுங்க தம்பி. தவண மட்டும் அதேதான்."

ஹஃபீலாவிடம் போய்ச் சொன்னபோது அவள் உருகிவிடவில்லை.

"யாரு சொல்லச் சொன்ன?"

"யாரும் சொல்லல்ல."

"நான் ஏத்துக்கிட்டத நீங்க ஏன் எடுக்கிறீங்க? எனக்கு யார்ட பாவமும் வேணாம்."

"பாவம் பாக்கல்ல. வெக்கமா இரிந்திச்சு. ராவு சாப்பிட ஏலாமப் போச்சு." அவன் நிலத்தைப் பார்த்தான். "என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க. செய்றன்."

அவன் பேச்சில் பூச்சு இல்லை. அது அவளுக்குப் பிடித்தது. பிடித்ததைக் காட்டாமல் ஒரு தயிர்ச் சட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஹவுழ வலையால மூடணும். ஹவுழ்த் தண்ணியவே இதுக்குள்ள விட்டு, ஒரு சிட்டிக உப்புப் போட்டு, விளிம்புல வைக்கணும். வாசம் பழகின வாசம், தேனீ இதுல இறங்கும். பொறகு பின்னேரம், எல்லாம் பெட்டிக்குத் திரும்பின பொறகு, சட்டியக் கொஞ்சம் இஞ்சால நகர்த்தணும். தூக்கி ஒரேயடியா இஞ்ச வச்சா தேடிட்டு ஹவுழுக்கே போயிரும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அடி."

"மொத்தம் எவ்வளவு தூரம்?"

"நூத்தி முப்பது அடி. நான் அளந்துட்டன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நேற்றுப் பின்னேரம் இவன் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இவள் தனியே தென்னந்தோப்பை அளந்திருக்கிறாள்.

அதிகாரியிடமும் அவனே போய்க் கேட்டான். "நீ ஒவ்வொரு நாளும் போய்ப் புழு இல்லையெண்டு பாத்துக் கையெழுத்து வைக்கிறதெண்டா அந்தப் பிள்ள சட்டிய வைக்கட்டும்," என்றார் அவர். ஒவ்வொரு நாளும் போ என்பது தண்டனை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கினார்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவன் வருவான். கடைசித் தேனீ கிளம்பும் வரை காத்திருந்து, சட்டியை அசையாமல் தூக்கி, அடி அளந்து வைப்பான். ஹஃபீலா தண்ணீரின் மட்டத்தைச் சரிபார்ப்பாள். நிஸ்மியா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு கீரை ஆய்வாள். சட்டி நகர நகர உம்மாவின் கதிரையும் நகர்ந்தது. ஒரு நாளும் எட்டடிக்கு மேல் விலகவில்லை.

"எப்பிடி அதுக்கு வழி தெரியுது?" என்று அவன் கேட்பான்.

"ஒங்களுக்கு ஆலங்குடாவிலிருந்து இஞ்ச வர வழி தெரியுதே."

"நான் மனுசன்."

"அதான் அது ஒங்களவிடக் கெட்டி."

உம்மா கீரைக்குள் சிரிப்பாள்.

அவனுக்குத் தேனீக்களைப் பார்க்கப் பிடித்துப்போயிற்று. கல்லில் வரிசையாக நின்று, வயிறு துடிக்கக் குடித்து, நேர்கோடாகக் கிளம்புகிற ஒழுங்கு. அதைவிட, குந்தியிருந்து அவற்றைப் பார்க்கிற ஹஃபீலாவைப் பார்க்கப் பிடித்தது. மூழ்கப்போகும் ஒன்றை ஓலைக்கீற்றால் ஏந்தி வெயிலில் விடுவாள். அது சிறகை உலர்த்திப் பறக்கும் வரை கதைக்க மாட்டாள். இப்படி ஒருத்தி தனக்காகவும் ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தால்... என்று நினைத்து, உடனே வேறெதையாவது பார்ப்பான். தங்கச்சி என்று கூப்பிட முடியாது. வேறெப்படிக் கூப்பிடுவது? கூப்பிடாமலே எட்டு நாள் ஓட்டினான்.

எட்டாம் நாள் சட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். ஹஃபீலா குனிந்து, தன் பாதத்தால் அளந்தாள். முகம் மாறியது.

"இது பன்னிரண்டு அடியா?"

"ஓம்..."

"ஆறு அடி. நேத்தும் குறைஞ்சிதான் இரிந்திச்சு. நான் பேசாம இரிந்தன்."

அவன் முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"வேணுமெண்டு செஞ்சீங்களா?"

"தூரம் முடிஞ்சா... நான் வரத் தேவையில்லையே."

கீரை ஆய்ந்த கை நின்றது.

ஹஃபீலாவின் கண்கள் மறுபடியும் விரிந்தன. இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. "நாள் கூட வேணுமெண்டா வேற காரணம் பாருங்க. என்ட பெட்டிய வச்சி விளையாடாதீங்க. வியாழக்கிழமைக்குள்ள சட்டி வீட்டுக்கு வராட்டி எனக்கு ஒண்டுமே மிஞ்சாது."

சொன்ன பிறகுதான், 'வேற காரணம் பாருங்க' என்று தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று உம்மாதான் மிச்சம் ஆறடியை அளந்து காட்டினாள்.

ஒன்பதாம் நாள் அவன் பதினெட்டு அடி நகர்த்தினான்.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது. அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. ஹஃபீலாவுக்கு முதலில் சட்டி நினைவு வந்தது. தண்ணீர் ஏறினால் கல் மூழ்கும். குடித்துக்கொண்டிருந்தவை தப்ப முடியாது. உப்பு வாசமும் கரைந்து போனால் நாளைக்குச் சட்டியைத் தேடி வராது, ஹவுழுக்குத்தான் போகும். பத்து நாள் வேலையும் மண்ணாகும். குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

அங்கே ஏற்கெனவே ஒருவன் இருந்தான். முபாரிஸ். மணலில் முழந்தாளிட்டு, தன்னுடைய மழைக்கோட்டைக் கழற்றிச் சட்டிக்கு மேல் இரண்டு கையாலும் கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தான். முதுகில் மழை கொட்டியது. தலைமயிர் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. கோட்டுக்குக் கீழே, கல்லின் மேல், நனைந்த தேனீக்கள் இருபதோ முப்பதோ ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒன்று அவன் மணிக்கட்டைக் கொட்டியிருந்தது. கை நகரவில்லை.

"எப்ப வந்தீங்க?"

"மாம்புரியில வேல. வானத்தப் பாத்தன்... வந்துட்டன்."

அவள் அவனுக்கு எதிரே முழந்தாளிட்டு, கோட்டின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருக்கும் இடையில் ஒரு தயிர்ச் சட்டி. மழை அவள் இமையில் விழுந்து, நின்று, கன்னத்தில் இறங்கியது. அவனுடைய கண்கள் சிவந்திருந்தன. மழைத் தண்ணீரோ, வலியோ... இரண்டுமாக இருக்கலாம். இரண்டு பேரும் பார்வையை எடுக்கவில்லை. கோட்டிலிருந்து கையை எடுக்க முடியவில்லை, பார்வையை எடுக்க மனம் வரவில்லை.

"வலிக்குதா?"

"ஓம்," என்றான். பொய் சொல்லவில்லை.

அவள் குனிந்து, நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள். பத்து நாளில் அதுதான் முதல் தொடுகை.

வியாழன் பின்னேரம் சட்டி பெட்டிகளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வலையை எடுத்தார்கள். றஊப் ஹாஜியார் ஹவுழில் கையை முழங்கை வரை விட்டு, காதை இரண்டு தடவை கழுவி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஜும்ஆ முடிந்ததும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"பதுர்தீன்! பெட்டி அங்கேயே இரிக்கட்டும்! தேன் எடுத்தா எனக்கும் ஒரு போத்தல்!"

சனிக்கிழமை பின்னேரம் முபாரிஸ் வந்தான். நகர்த்தச் சட்டி இல்லை. உம்மாவின் கதிரையும் வெளியே இல்லை. ஹஃபீலா மட்டும் வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"புழு பாக்க வந்தீங்களா?"

"இல்ல. அட்ட கொண்டு வரல்ல."

"பொறகு?"

"வேற காரணம் பாக்கச் சொன்னீங்க. ஆறு நாள் யோசிச்சன். வேற காரணம் ஒண்டும் இல்ல. நீங்க மட்டுந்தான் இரிக்கிறீங்க. எனக்கு ஒங்கள விருப்பம் ஹஃபீலா. முதல் நாள், சட்டிய வைங்க எண்டு ஏசினீங்களே... அப்பவே. எனக்குத்தான் வெளங்கல்ல."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத வாப்பாட்ட சொல்லுங்க."

"சொன்னா என்ன சொல்லுவாரு?"

"தெரியாது. நான் சொல்ல வேண்டியத நேத்தே சொல்லிட்டன்."

"என்ன சொன்னீங்க?"

"மழைக்குள்ள ஒரு ஆள் தேனீக்குக் கோட்டுப் பிடிச்சாரு. அவரு வந்து என்ன கேட்டாலும் எனக்கு ஓம்... எண்டு."

முபாரிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து பதுர்தீன் வந்தார். அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். இன்னும் வீக்கம் வற்றாத அவன் மணிக்கட்டில் பார்வை நின்றது.

"உள்ளுக்கு வாங்க மகன்."

முபாரிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். ஹஃபீலா பின்னால் போனாள். உம்மா தேத்தண்ணீரோடு தயாராக நின்றாள். பதுர்தீன் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருப்பி, எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நிக்காஹ் நாள் குறிக்காம ஒருத்தரும் வெளிய போக ஏலாது," என்றார்.