துடைத்துவிட்ட பட்டியல்

பட்டியலின் உச்சியில் சுவரொட்டி மென்பொருளின் பெயர் இருந்தது. போக்குவா அதை இரண்டு நாளாகத் திறக்கவே இல்லை.

குமாசி நகரின் மதிய மழை தகரக் கூரையை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அச்சுக்கடைக்குள் மையின் காரமும், எதிரே எஸி அக்கா விற்கும் வாச்சே என்னும் பயறுச் சோற்றின் ஆவியும், நனைந்த செம்மண் வாடையும் கலந்து அவளுக்கு மூச்சை அடைத்தன.

கணினியில் கடைசியாக எதெது திறக்கப்பட்டது என்று காட்டும் அந்தப் பட்டியலைத் தினமும் பார்ப்பது அவள் கணவன் அம்போன்சாவின் வழக்கம். தாக்கோரடியில் இருக்கும் தங்கைக்கு அவள் மின்னஞ்சல் எழுதியது போன மாதம் அதில்தான் மாட்டியது. அன்று அவன் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய சுண்டுவிரல் இன்னும் கோணல்தான். அதன்பின் அஞ்சலின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டுவைப்பாள். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்ன! ஆனாலும் இதுவரை பிழைத்திருந்தாள். நாளை விடியற்காலைப் பேருந்தில் வந்துவிடுகிறேன் என்று இன்று காலைதான் தங்கைக்கு எழுதியிருந்தாள்.

அந்த அஞ்சலைப் பட்டியலிலிருந்து நீக்க உட்கார்ந்தவள், சுவரொட்டி மென்பொருளைத் திறந்தாள்.

சாவு அறிவிப்பு. இதுபோல் நூற்றுக்கணக்கில் செய்தவள் அவள். வாழ்ந்து முடித்தவர் என்றால் வெள்ளையும் நீலமும். வாழாமல் போனவர் என்றால் சிவப்பில், 'என்ன கொடுமை இது!' இதில் சிவப்பு. கீழே அவளுடைய கல்யாணப் படம். அம்போன்சா தன்னை வெட்டி எடுத்திருந்தான். அவள் தோளில் அவனுடைய நான்கு விரல்கள் மட்டும் மிச்சம். வயது இருபத்தொன்பது. ஒரு வாரக் கூடுகை, வரும் செவ்வாய்.

இறந்து சரியாக ஒரு வாரம் கழித்துத்தான் அந்தக் கூடுகை. பின்னோக்கி எண்ணினாள்.

இன்று செவ்வாய்.

ஒவ்வொன்றாக நீக்க அவகாசமில்லை. மொத்தத்தையும் ஒரே தட்டில் துடைத்தாள். பட்டியல் வெறுமையாக வெளுத்தது. அப்போதுதான் செய்த முட்டாள்தனம் உறைத்தது.

பின்னால் ஷட்டர் இறங்கியது.

"என்னடி, பட்டியல் மொட்டையா இருக்கு?" அம்போன்சா.

"சும்மா... கணினி நின்னுபோச்சுங்க."

"பார்த்துட்ட இல்ல? பேரு வயசெல்லாம் சரியா இருக்கா? குடும்பத்துல ஒருத்தர் படிச்சுக் கையெழுத்துப் போடாம நாம அச்சடிக்கிறதில்லையே."

முடியைப் பிடித்து முகத்தை விசைப்பலகையில் அறைந்தான். மறுபடி. மறுபடி. ஒரு பல் எழுத்துகளுக்கிடையே விழுந்தது. கோணல் விரலிருந்த கைக்குள் பேனாவைத் திணித்தான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அச்சு இயந்திரம் உறுமியது. மழை நின்றிருந்தது.

அவளை ஷட்டரை ஒட்டித் தரையில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, ஒரு கையால் வாயைப் பொத்தினான். மறுகையால் ஷட்டரை ஒரு சாண் தூக்கித் தாளை வெளியே நீட்டினான்.

"எஸி அக்கா, நம்ம வீட்டுச் சாவு. இதைக் கம்பத்துல ஒட்டிடுங்க."

"யாருப்பா போனது? காலைல நீ கறுப்புச் சட்டைகூடப் போடலையே!"

தாள் இழுபட்டது.

பிறகு அலறல். "ஐயோ போக்குவா! என் தங்கமே! காலைல எங்கிட்டச் சோறு வாங்கினியே!"

கால்கள் ஓடிவந்தன. இன்னொரு குரல். இன்னும் மூன்று. தெருவே அவள் பெயரைச் சொல்லி அழுதது. போக்குவா குதிகாலால் தரையை உதைத்தாள். ஓலம் அதை விழுங்கியது. இருக்கேன். இருக்கேன். வாயிலிருந்த கை கழுத்துக்கு இறங்கியது.

"அழாதீங்க அக்கா," என்றான் அம்போன்சா, ஷட்டரைப் பார்த்து. அவனுடைய இரண்டு கைகளும் வேலையாக இருந்தன.