தேயாத கம்பி

ரெட்டிபாளையத்தில் தூசி யாரையும் விட்டுவைப்பதில்லை. காலையில் துடைத்த டிவி மேல் மாலையில் விரலால் பேர் எழுதலாம். சிமெண்டு ஆலைப் பக்கம் குடியிருந்துகொண்டு வெள்ளைச் சுவர் கேட்பவர்களைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். அதனால்தான், புருஷன் தமிழ்மாறன் செத்துப் பதினெட்டாம் நாள் மத்தியானம், சுவரில் மாட்டியிருந்த அவனுடைய பேஸ் கிட்டாரைப் பார்த்த புவனேஸ்வரி துடைப்பத்தைக் கீழே போட்டாள். கிட்டாரின் உடம்பெல்லாம் தூசி. கழுத்தெல்லாம் தூசி. தடித்த கம்பிகள் நான்கிலும், நடுவில் நான்கு விரற்கடை அளவுக்கு மட்டும் தூசி இல்லை. துரு ஏறிய கம்பி அந்த இடத்தில் மட்டும் கை பட்டுக் கை பட்டுப் பளபளத்தது.

அவள் தொடவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. பிள்ளைகள் பிறக்கவில்லை, கருமாதி முடிந்ததும் உறவுக்காரர்கள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கதவுச் சாவி அவள் முந்தானையில் இருந்தது.

மாறன் ஆலையில் மூட்டை பிடிக்கும் ஒப்பந்த வேலைக்காரன். காலை ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும். சோறு தின்றுவிட்டு மூன்று மணிக்குக் கிட்டாரை மடியில் எடுத்தானென்றால் நான்கு வரைக்கும் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆம்ப்ளிபயரில் செருக மாட்டான், அக்கம்பக்கம் திட்டும். செருகாத பேஸ் கிட்டாருக்குச் சத்தம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு மட்டும் தும், தும் என்று கேட்கும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு வந்து, அந்தச் சத்தத்திலேயே அவள் ஒரு தூக்கம் போடுவாள். திருவிழாக் கச்சேரி வாசித்துவிட்டு விடிகாலையில் பைக்கில் திரும்பியவன், பாடாலூர் தாண்டி விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய் மோதினான். முதுகில் உறைக்குள் இருந்த கிட்டாருக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. அதை நினைத்தாலே அவளுக்கு ஆத்திரம் வரும்.

மறுநாள் மூன்று மணிக்குச் சுவரோரம் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். வெயில் சன்னல் வழியாகத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. தெருவில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போய், அந்த உறுமல் தேய்ந்து தேய்ந்து அடங்கிய பிறகும் ஏதோ ஒன்று மிச்சமாக நின்றது. அவள் காதைக் கிட்டாரின் மரத்தில் வைத்தாள். தும். தும். தும், தும். மாறன் எப்போதும் தொடங்கும் அதே பயிற்சி, மூன்றாவது அடியில் அதே அவசரம். உடம்பெல்லாம் புல்லரித்துப் பற்கள் கிட்டித்துக்கொண்டன. ஆனாலும் காதை எடுக்கவில்லை. ஓடிப் போகத்தான் கால் துடித்தது. அழுகைதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தது.

அப்படியே ஒரு வாரம் கேட்டாள். ஏழாம் நாள் சத்தம் மங்கியிருந்தது. எட்டாம் நாள் இன்னும் மங்கல். துரு கம்பியைத் தின்றுகொண்டிருந்தது. இதுவும் நின்றுவிட்டால் மாறன் இரண்டாம் தடவை செத்துப்போவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு தடவையே அவளால் முடியவில்லை.

பெரம்பலூருக்குப் பஸ் ஏறினாள். மாறன் வாசித்த ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற பூவரசன், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மைக் செட்டும் இசைக்கருவிகளும் வைத்துக் கடை போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வா தங்கச்சி. என்ன, கிட்டார விக்கலாம்னு வந்தியா?"

"இல்லண்ணே. கம்பி வேணும். துருப்புடிக்காத கம்பி."

பூவரசன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்தான்.

"மாறன் வேர்வைக்கு சாதா ஸ்ட்ரிங் ஒரு மாசம் தாங்காது. உப்புக் கையி. கோட்டிங் போட்டத வாங்குடான்னு நானும் எத்தன தடவ சொல்லியிருக்கேன். இதுல ரெண்டு வகை இருக்கு. இது மெல்லிசு, உறை போட்டதே தெரியாது. சத்தம் பளிச்சுனு வரும், ஆனா சீக்கிரம் போயிடும். இது கெட்டி உறை. கொஞ்சம் வழுவழுன்னு இருக்கும், வேர்வ, தூசி ஒண்ணும் உள்ள போவாது. ரொம்ப நாள் போனா வாசிக்கிற எடத்துல மட்டும் வெள்ளையா பிசிறு உதிரும், அவ்வளவுதான்."

"எதுண்ணே ரொம்ப நாள் தாங்கும்?"

"வாசிக்க ஆள் இல்லாதப்ப எத போட்டா என்னம்மா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டான். "கெட்டிதான் தாங்கும். இத விடத் தாங்குறது எங்கிட்ட இல்ல."

அவள் கெட்டி உறைக் கம்பியை எடுத்தாள்.

முப்பதாம் நாள் படையல் அந்த வாரத்திலேயே வந்தது. கருவாட்டுக் குழம்பு, முட்டை, அவனுக்குப் பிடித்த ஓமப்பொடி எல்லாம் இலையில் வைத்தாள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்கலாம் என்பது வழக்கம்தானே. புது வேட்டிக்குப் பக்கத்தில், பிரிக்காத அந்தக் கம்பிப் பொட்டலத்தையும் வைத்தாள். சூடம் காட்டி, அவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றாள். உள்ளே ஓர் அரவமும் இல்லை. சாம்பிராணிப் புகை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது சோறு வைத்தபடியே இருந்தது. பொட்டலத்தின் ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது. மாறன் எதையும் கத்தரியால் வெட்ட மாட்டான், பல்லால்தான் கிழிப்பான்.

பூவரசன் போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து, பழைய கம்பிகளைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். அன்றைக்கு மூன்று மணிக்கு வந்த சத்தம் வெண்கல மணியாக இருந்தது. காதை ஒட்ட வைக்கவே தேவையில்லை. சமையலறையில் நின்றாலும் கேட்டது. புவனேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். பங்குனி முழுக்க அப்படித்தான். பயம்கூடப் பழகிவிட்டது. இரண்டே முக்காலுக்கே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். பொட்டு வைக்கக் கூடாது என்று சொன்னவர்கள் யாரும் அந்த நேரத்தில் வருவதில்லை.

சித்திரை பிறந்ததும், கிட்டாருக்குக் கீழே தரையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. மெல்லிய சீவல். மறுநாள் இன்னும் கொஞ்சம். பூவரசன் சொன்ன பிசிறு என்று எண்ணி, பெருக்க மனசு வராமல் ஒரு காகிதத்தில் மடித்துச் சேர்த்து வைத்தாள். இதற்குள்ளேயே தேய்கிறதே, இனி எத்தனை நாளுக்கு வரும் என்று விரல் விட்டு எண்ணினாள்.

திருவிழாவுக்குப் பத்திரிகை கொடுக்க அரியலூர் வந்த பூவரசன், ஒரு நாள் காலையில் அவள் வீட்டையும் எட்டிப் பார்த்தான். கம்பி தேய்கிறது என்று அவள் சொன்னதும், கிட்டாரைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தான்.

"ஒரு கீறல்கூட இல்லியே தங்கச்சி. உறை அப்படியே இருக்கு. யாரும் தொடல போலருக்கு."

"அப்ப கீழ உதிருது, அது?"

"சுவத்துச் சுண்ணாம்பா இருக்கும்மா. நீ வேளைக்குச் சாப்புடு. ஒடம்பு பாதியா போயிடுச்சு." வாசல் வரை போனவன் திரும்பி, "கொஞ்ச நாளு அம்மா வூட்டுக்குப் போயிட்டு வாயேன்," என்றான்.

அவன் போனதும் காகிதத்தைப் பிரித்தாள். சுண்ணாம்பு விரலில் பட்டால் பொடியும். இது பொடியவில்லை. வளைந்தது. பெரிய சீவல் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். அதில் கோடுகள் ஓடின. ஒன்றுக்குள் ஒன்றாக, வளைந்து, நடுவில் சுழித்து. ரேஷன் கடையில் கட்டை விரலை மிஷினில் வைக்கும்போது திரையில் தெரியுமே, அதே சுழி.

சாதாக் கம்பி அவன் கை பட்டுத் தேய்ந்தது. இது தேயாது. தேயாததைத்தான் அவள் தேடிப் போய்க் கேட்டு வாங்கினாள். கம்பி தேயவில்லை என்றால் இத்தனை நாளாகத் தேய்ந்தது எது?

மூன்று மணி.

தும் வரவில்லை. டக் என்றது. காய்ந்த குச்சியால் தட்டுகிற சத்தம். டக். டக், டக். அந்த மூன்றாவது அடியில் அவசரம் இல்லை. தயக்கம் இருந்தது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பிக்கிற தயக்கம். கம்பிகள் அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் ஏதோ ஒன்று நுணுக்கமாக உதிர்ந்தது. வெள்ளையாக.

"போதுங்க," என்றாள். "விட்டுருங்க."

டக்.

"வலிக்கும்ங்க. விட்டுருங்கன்னு சொல்றன்ல?"

டக். டக்.

கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கம்பியை முறுக்கும் திருகில் கை வைத்தாள். நான்கு திருகு. தளர்த்தினால் முடிந்தது. அவன் போய்விடுவான். வலி இல்லாமல் போய்விடுவான். முதல் திருகைக் கால் சுற்றுத் திருப்பினாள். சத்தம் குழைந்து கீழே இறங்கியது. மாறன் ஒரே ஒரு தடவைதான் அவள் முன்னால் அழுதிருக்கிறான், அவன் அப்பா செத்த அன்றைக்கு. அந்தச் சத்தம்தான் இது.

அவளால் முடியவில்லை. திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

நிறுத்த வேண்டும் என்று உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் அழுத்தினாள். கைக்கு அடியில் அது ஓடியது. சில்லென்று. கூர்மையாக. இரண்டு முனைகள். சதை இல்லை. நகம் இல்லை. அவள் கையைக் குத்தி, வழி கிடைக்காமல், மறுபடி குத்தி.

"எங்கிட்ட இருக்குங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என்னுத எடுத்துக்கங்க."

டக் நின்றது.

கரண்டி பிடித்துக் காய்த்த அவளுடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்ல நிமிர்ந்தன. அவள் நிமிர்த்தவில்லை. கம்பியில் இறங்கின.

தும்.

எவ்வளவு நல்ல சத்தம். தும், தும். சதையின் சத்தம். மூன்றாவது அடியில் பழைய அவசரம் திரும்பி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றரைக்கு விரல் நுனி எரிந்தது. நான்கு மணிக்குத் தோல் கிளம்பியது. நான்குக்கு அவன் எப்போதும் நிறுத்திவிடுவான். இன்றைக்கு நிறுத்தவில்லை. சன்னல் கட்டங்கள் தரையிலிருந்து சுவருக்கு ஏறின. கிட்டாரின் மேல் ஈரம் சொட்டியது. கம்பிகள் வழுவழுவென்று அதைத் தள்ளிவிட்டன.

பிறகு, மடியில் சும்மா கிடந்த அவள் இடது கையை எதுவோ தடவியது. உலர்ந்து, லேசாக, கேட்கத் தயங்கி.

புவனேஸ்வரி அதையும் தூக்கிக் கிட்டாரின் கழுத்தில் வைத்தாள்.