மேகத்துக்கு மேலே ஒரு வாடை

அந்த வாடைக்கு முதலில் அவள் அண்ணனைத்தான் சந்தேகப்பட்டாள்.

"ஷூவைக் கழட்டினியா?"

"கழட்டலையே. நானே உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்," என்றான் பக்கத்து இருக்கையிலிருந்த அண்ணன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அவள் பல் டாக்டர். விடுமுறை நாட்களில் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியவள். கண்ணால் பார்த்து ஓட்டத்தான் அனுமதி. மேகத்துக்குள் நுழையக் கூடாது. ஆனால் அப்பாவுக்கு நாலு மணிக்கு ஆபரேஷன். போகிற ஊரில் நல்ல வெயில் என்றார்கள். அந்தத் தைரியத்தில்தான், வழியை மறைத்துக் கிடந்த மேகப் படலத்துக்கு மேலே அந்தச் சின்ன விமானத்தை ஏற்றிவிட்டாள்.

இன்ஜினின் சீரான உறுமலுக்கு நடுவே, காற்று வரும் குழாயிலிருந்து வெதுவெதுப்பாக வந்து முகத்தில் மோதி, தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் புளிப்பாகத் தங்கிய அந்த வாடை அவளுக்குப் புதிதில்லை. சீழ் கட்டிய பல்லைப் பிடுங்கும்போது முகமூடியைத் தாண்டி வருமே, அதே நாற்றம். குழாயை மூடினாள். நாற்றம் கூடியது.

கீழே மேகம் வெள்ளையாக இல்லை. ஆறிப்போன பாலின் ஆடையைப் போல மஞ்சள் பாரித்து, சுருங்கி, எண்ணெய் மினுமினுப்போடு கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தது. விமானத்தின் நிழல் பட்ட இடமெல்லாம், ஈ உட்கார்ந்த மாட்டுத் தோலாகச் சிலிர்த்து அடங்கியது.

முன்கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. மழைத்துளியென்றால் காற்றில் சிதறி ஓடியிருக்கும். இது ஒட்டிக்கொண்டு, கோழையாக நூலிழுத்தது.

அண்ணன் வாந்திப் பையைத் தேடினான்.

பெட்ரோல் முள் கால்வாசிக்குக் கீழே இறங்கியிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ரேடியோவில் அழைத்தாள். "மேகத்துக்கு மேல மாட்டிக்கிட்டேன். இறங்க வழி தெரியல."

"எந்த மேகம், மேடம்?" கோபுரத்திலிருந்தவரின் குரல் குழம்பியது. "எங்க தலைக்கு மேலதான் இருக்கீங்கன்னு ரேடார் காட்டுது. இங்க ஒரு பொட்டு மேகம்கூட இல்ல." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அண்ணாந்து பாத்தா... உங்களைத்தான் காணோம்."

அண்ணன் அவள் கையைப் பிடித்தான். "திரும்பிப் போயிடலாம்மா."

"பெட்ரோல் பத்தாதுண்ணா."

அப்போது வலப்பக்கம் மேகத்தில் ஒரு பொத்தல் திறந்தது. வெகு ஆழத்தில் சாம்பல் கோடாக ஓடுதளம். வேறு வழி இல்லை. இறக்கையைச் சாய்த்து, வட்டமடித்து இறங்கினாள்.

வெளிச்சம் மங்கியது. பிறகு சிவந்தது. சுற்றிலும் சுவர். ஈரச் சுவர். மேகம் இப்படிப் பளபளக்காது, ஈறுதான் பளபளக்கும். இன்ஜின் சத்தம் பஞ்சுக்குள் திணித்ததுபோல் அமுங்கியது. அதன் அடியில் வேறொரு சத்தம்.

சளக். சளக்.

"மேல பாரு," என்றான் அண்ணன்.

நீல வானம் காசளவு தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

கீழே பார்த்தாள். ஓடுதளம் இல்லை.

இடப்பக்கச் சுவரில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஓர் இறக்கை. சின்ன விமானம் ஒன்று, பாதி சதைக்குள் புதைந்து, பெயின்ட் கரைந்து வழிய, ஒட்டியிருந்தது. ஜன்னலுக்குள் ஓர் ஆள். முகம் மெழுகாக உருகி இறங்கி, கழுத்தோடும் சட்டைக் காலரோடும் ஒன்றாகியிருந்தது. உதடில்லாத வாயில் பற்கள் மட்டும் வரிசை குலையாமல். ஒரு கண் மிச்சம். அது அவளைப் பார்த்தது. சிமிட்டியது.

அவனுக்குக் கீழே இன்னொரு விமானம். அதற்கும் கீழே இன்னொன்று. ஆழம்வரை. ஒவ்வொரு ஜன்னலிலும் கைகள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன, நுனியில் எலும்பு தெரிகிற கைகள். எல்லாம் கண்ணாடியில் வழுக்கி வழுக்கி அசைந்தன.

வா என்று அல்ல.

போ. போ. போ.