அறிவுச்செல்வனின் முதல் தோல்வி

2006ஆம் வருடம், ஆடி மாதத்துப் பிற்பகல். சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடித்த ஜெரால்டு, நெய்வேலி மெயின் பஜாரில் வெள்ளைச்சாமி நடத்திய பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தான்.

முத்தாண்டிக்குப்பம் மாணிக்கம்மாள் கேட்ட சின்ன உதவி அது. அவள் மகன் அறிவுச்செல்வன், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டைக்காக மலேசியா போனவன். நான்காவது சண்டையில் விழுந்தான். எழவில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது.

"எம்புள்ள எத்தினி சண்டை செயிச்சான்னு கம்ப்யூட்டர்ல இருக்குதாமே தம்பி. எடுத்தாந்து குடு. போட்டோ பக்கத்துல மாட்டணும்."

ஜெரால்டால் மறுக்க முடியவில்லை. தன் மகனின் உயிர்த்தோழன் என்றே அவள் இன்னமும் அவனை நம்பிக்கொண்டிருந்தாள்.

பிளைவுட் தடுப்புக்குள் காற்றே இல்லை. எங்கிருந்தோ ஈரக் கரியின் வாடை வந்தது. அறிவின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தான். பக்கம் மெதுவாக இறங்கியது. படத்தில் முதலில் முடி வந்தது. பிறகு நெற்றி. பிறகு கண்கள்.

அதோடு நின்றுவிட்டது.

கண்களுக்குக் கீழே முகம் வரவேயில்லை. ஜெரால்டு பார்வையைத் திருப்பி, பக்கத்திலிருந்த எண்களைப் படித்தான். வெற்றி மூன்று. தோல்வி இரண்டு.

இரண்டா?

ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வரி. கடைசிச் சண்டை மேலே, முதல் சண்டை கீழே. எண்ணினான். ஐந்து வரிகள். ஐந்தாவதில் இப்படி இருந்தது:

எதிராளி, ஜெரால்டு. இடம், நெய்வேலி. முடிவு, காதோரம் அடி.

அந்த வரியை மறுபடியும் படித்தான்.

மூன்று வருடங்களுக்கு முன், ஆளில்லாத ஒரு குவார்ட்டர்ஸின் பின்கட்டில் நடந்தது அது. இருவரும் ஒன்றாகத்தான் பயிற்சி எடுத்தார்கள். மலேசியாவுக்குத் தேர்வானவன் அறிவு மட்டும். அன்று, "போதும்டா" என்று சிரித்துக்கொண்டே அறிவு கையை இறக்கினான். இறக்கிய பிறகுதான் ஜெரால்டு அடித்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. வெகுநேரம் கழித்தே அறிவு கண் விழித்தான்.

"வெளிய சொல்லிடாதடா. மெடிக்கல்ல தெரிஞ்சா உன்ன அனுப்பமாட்டாங்க."

அறிவு தலையாட்டினான். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

"அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க. இதுல எத்தனை வரி தெரியுது?"

வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்தார். "நாலு. ஏன் சார், பிரிண்ட் போடணுமா?"

தாளிலும் நான்கே வரிகள். ஜெரால்டு திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான். பெருமூச்சு விட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

மாணிக்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். படிக்கத் தெரியாதவள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

விரல் இன்னும் கீழே நகர்ந்தது.

"அஞ்சு."

ஜெரால்டு குனிந்து பார்த்தான். இருந்தது.

"இந்தக் கடேசி வரில என்னா தம்பி போட்டுருக்குது?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான், பொய் வரவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கையை இறக்கியவனை அடித்ததையும் சொன்னான்.

அவள் அழவில்லை.

"ஒரு காது கேக்கலம்மான்னு எங்கிட்ட சொல்லிகினு இருந்தான். செவுத்துல இடிச்சிகினேன்னான். கடேசி வரைக்கும் உம்பேரச் சொல்லல." தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ கெளம்பு தம்பி. இனிமே இந்த வூட்டுக்கு வராத."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தான். அசதியில் கண் மூடிக்கொண்டது.

"என்னங்க, எழுந்திருங்க." மனைவி ஏஞ்சலின் அவனை உலுக்கினாள். வாசலில் இன்னும் வெயில் இருந்தது. "யாருங்க வந்தது? யாரு இதச் சுத்திவிட்டது?"

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

இரண்டு கைகளிலும், விரலிடுக்குகள் முதல் மணிக்கட்டு வரை, வெள்ளைத் துணி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கூண்டுக்குள் அனுப்புமுன் சண்டைக்காரனுக்குச் சுற்றிவிடுவதைப்போல.