அப்பாவின் பாகுக்குச்சி

சௌந்திரம் ஒரு ரகசியத்தை இருபது நாள் காப்பாற்றினாள். பத்து வயதுப் பெண்ணுக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் அதை நினைத்தால் அவளுக்கு அழுகைதான் வரும்.

அவள் அப்பா காளியண்ணன் மோகனூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர். கொப்பரையில் கரும்புச் சாறு கொதித்துப் பாகாகும். ஒரு குச்சியை அதில் தோய்த்து, ஊதி, நாக்கில் வைப்பார். "இறக்குங்க" என்பார். அவர் சொன்னால் இறக்குவார்கள். அவரை விட்டால் அதைச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது.

அந்த மாசியில் அவர் இடது காலில் கரும்புக் கட்டை குத்திவிட்டது. மஞ்சள் வைத்தும் புண் ஆறவே இல்லை. மாட்டுவண்டியில் நாமக்கல் டாக்டரிடம் போனார்கள்.

"நீரிழிவு. இனிப்பை நாக்கிலேயே வைக்கக் கூடாது. வைத்தால் இந்தப் புண் ஆறாது" என்றார் டாக்டர்.

வெல்லம் காய்ச்சுகிறவரிடம் போய் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? அம்மா நல்லம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"சௌந்திரம், ஆலைக் கொட்டகைக்குச் சோறு கொண்டு போறவ நீதான். அப்பா இனிப்பு ஏதாச்சும் தின்னா எங்கிட்டச் சொல்லோணும்."

"சரிங்கம்மா."

முதல் நாளே அப்பா குச்சியை நக்கினார். மகளைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"பதம் பார்க்க வேணுமில்ல? அம்மாகிட்டச் சொல்லிப்போடாத சாமி."

அவர் முகம் பாவமாக இருந்தது. சௌந்திரத்துக்கு அப்பா என்றால் உயிர். வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் திங்கலீங்கம்மா" என்றாள்.

முதலில் குச்சி நுனி. அப்புறம் பாதிக் குச்சி. அப்புறம் உள்ளங்கை நிறைய இளஞ்சூட்டு வெல்லம். ஒவ்வொரு நாளும் சௌந்திரம் அதே பதிலைச் சொன்னாள்.

இருபதாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் கொளுத்தியது. கால் கறுத்துவிட்டது. நாமக்கல்லில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

சௌந்திரம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நக்குனவன் நானு. நீ எதுக்கு அழுவுற?" என்றார் அப்பா. அது அவளுக்கு ஆறுதலாகவே இல்லை.

அடுத்த வருஷம் மறுபடி கொப்பரை ஏறியது. அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாகு பொங்கியது. பழக்க தோஷம், அவர் கை குச்சிக்குப் போனது.

சௌந்திரம் குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாக்கு என்னுதுங்கப்பா. நான் சொல்றேன், நீங்க முடிவு பண்ணுங்க."

அடுப்பில் காய்ந்த கரும்புச் சோகையைப் போட்டுக்கொண்டிருந்த சடையன் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "செரி, எப்படி இருக்குது?" என்றார்.

"இனிப்பா இருக்குதுங்க."

"அட, வெல்லம் கசக்குமா? ஒழுங்காச் சொல்லு."

அவள் கண்ணை மூடி, மறுபடி நாக்கில் வைத்தாள். "பல்லுல ஒட்டுதுங்க. இன்னும் பச்சைக் கரும்பு வாசம் வருதுங்க."

"அப்போ பொறு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தாள். "இப்போ வாசம் போயிருச்சுங்க. கருகல் இல்லீங்க."

"இறக்குங்க" என்றார் அப்பா.

முதல் வெல்லம் சூடாகக் கைக்கு வந்தது. அப்பா அதை முகர்ந்து பார்த்தார். வெகு நேரம் முகர்ந்தார். பிறகு மகள் கையில் வைத்துவிட்டு, ஈரமண்ணில் நொண்டிக்கொண்டே அடுத்த கொப்பரைக்குப் போனார். இடது கால் தடத்தில் மூன்று விரல்கள்தான் பதிந்திருந்தன. சௌந்திரம் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா வாசலிலேயே நின்றாள். அவள் கேட்கும் வரை மகள் காத்திருக்கவில்லை.

"ஒண்ணும் திங்கலீங்கம்மா" என்றாள் சௌந்திரம்.

இந்தத் தடவை அது நிஜம்.