ஊமைக் கலங்களின் ஜோடி

புது உலையில் முதல் கூடை ஊமைக் கலங்கள் உருகியபோது, ஊருக்குள் அங்கங்கே அடுப்புகள் அணைந்தன.

வீட்டுக்கு வீடு அடுப்புக்கும் விளக்குக்கும் தண்பிணைவுக் கலம்தான். கண்ணாடிக் குடுவைக்குள் கனநீர், அதில் ஒரு பல்லேடியக் கம்பி. கொஞ்சம் மின்சாரம் பாய்ச்சினால் போதும், அணுக்கள் குளிரிலேயே பிணைந்து ஆண்டுக்கணக்கில் வெப்பம் தரும். ஆனால் ஊர் ஆலையில் செய்யும் கலங்களில் பாதி, என்ன செய்தாலும் சூடாகாது. அவைதான் ஊமைகள். ஆலை முற்றத்தில் மலையாகக் குவிந்திருந்தவற்றை உருக்கிப் பல்லேடியத்தை மீட்கத்தான் இன்று பூசணிக்காய் உடைத்து உலையைத் தொடங்கினார்கள்.

அடுப்புகள் அணைகிற செய்தி வந்ததுமே, ஆலையின் சோதனைப் பிரிவுத் தலைவி அமலோற்பவம் போனை எடுத்தாள். அவள் கணவன் சகாயம் கடலடிச் சுரங்க நிலையத்தில் வேலை பார்த்தான். அங்கே மூச்சுக் காற்றுக்கும் கலம்தான் கதி. அவனை அழைத்தாள்.

"இங்க இருக்கிற ரெண்டு கலத்துல ஒண்ணு இப்பத்தான் நின்னுபோச்சு, அமலா. இன்னொண்ணு ஓடுது. பயப்படாத."

உலைக்கு ஓடினாள். "நிறுத்துங்க சார்."

"இப்பத்தானே மேடம் சூடம் காட்டினோம்," என்றார் உலைப் பொறுப்பாளர் சிவப்பிரகாசம்.

"காலேஜ்ல படிச்சோமே சார். போன நூற்றாண்டுல முதல்முதல்ல சில லேப்ல சூடு வந்துச்சு, பல லேப்ல வரல. சூடு வராதவங்க ஏமாத்து வேலைன்னு சிரிச்சுட்டு, கலத்தைத் தூக்கிப் போட்டாங்க. அப்புறம் வந்தவங்களுக்கும் நின்னுபோச்சு. ஏன்னு இப்பத்தான் புரியுது. சூடாகுற ஒவ்வொண்ணுக்கும் எங்கேயோ ஒரு ஊமை ஜோடி இருக்கு சார். ஊமையை அழிச்சா அதுவும் செத்துடும்."

அவர் விசையை நோக்கி ஓடினார். உலையை நிறுத்தினார். அடுப்புகள் அணைவதும் நின்றது. எது எதன் ஜோடி என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும், தெரிந்தபின் பயனில்லை.

அதோடு விட்டிருக்கலாம். சரிபார்க்கும் முன்பே பத்திரிகையாளரைக் கூட்டுவது இந்தத் துறையின் தொட்டில் பழக்கம். "ஊமைகளை யாரும் தொட்டுடாதீங்க," என்று அமலோற்பவம் கேமராக்கள் முன் கெஞ்சினாள். தங்கள் வீட்டு உயிர் ஆலை முற்றத்தில் நாதியற்றுக் கிடக்கிறது என்பது மட்டும்தான் ஊர் காதில் விழுந்தது. மாலைக்குள் வாசலில் கூட்டம் நெரிந்தது.

"எங்களோடதைக் கொடுத்துடுங்கம்மா. நாங்க பத்திரமா வச்சுக்கிறோம்."

"எது யாரோடதுன்னு எனக்கே தெரியாதுங்க."

யாரும் நம்பவில்லை. கதவு சாய்ந்தது. ஆளாளுக்குக் கலங்களை அள்ளி நெஞ்சோடு அணைத்தார்கள். காலடியில் கண்ணாடி நொறுங்கியது. நெடுஞ்சாலைக்கு அப்பால் குடியிருப்புகளில் ஒவ்வொரு ஜன்னலாக இருண்டுகொண்டே வந்தது.

தடுக்கப் போன அமலோற்பவமும் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, முந்தானையில் அள்ளத் தொடங்கினாள். ஒன்று நழுவிச் சிதறியது.

"சகாயம்?"

"இருக்கேன், சொல்லு."

அப்படியென்றால் அது வேறு யாருடையதோ. அவளுக்கு வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் குனிந்து இன்னும் இரண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.