குறையாத ஜாடி

ஜாடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

தன் கண்ணில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். மாணவர் பரிமாற்றத்துக்காக விமானமேறி வந்த இந்தப் பள்ளியில் இது அவளுடைய முதல் மதியச் சாப்பாடு. நீண்ட மேசை, இருபத்து மூன்று பிள்ளைகள், ஈரத்துணியும் கெட்டுப்போன பாலும் கலந்த வாடை, நடுவில் கைமாறிக் கைமாறி வரும் ஒரே ஒரு கண்ணாடி ஜாடி. சாப்பிடும் முன் எல்லோரும் அதில் வாய் வைத்துக் குடிப்பது இந்தப் பள்ளியின் வழக்கமாம். புறப்பட்டபோது அதில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கையாலும் தூக்கி, உதட்டைப் பதித்து, கண்ணை மூடிச் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுத்தது. ஒரு தொண்டைகூட அசையவில்லை. அவளிடம் வந்து சேர்ந்தபோது ஜாடி முக்கால் நிறைந்து, விளிம்பில் நுரை கட்டி, வெதுவெதுப்பாக இருந்தது.

தம்பி வாய் வைத்த டம்ளரைக்கூடக் கழுவாமல் தொடாதவள் அவள். ஜாடியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"மிஸ், இவங்க குடிக்கல. உள்ள துப்புறாங்க," என்று ஊரிலிருந்து கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியையிடம் கிசுகிசுத்தாள்.

மிஸ்ஸுக்கு ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் நகவெட்டி. கைப்பையில் நகவெட்டியோடு அலைந்து, காலையில் ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சோதிக்கிற சுத்தக்காரி. அப்பேர்ப்பட்டவர் சொன்னார்: "உளறாத. விருந்தாளியா வந்த இடத்துல மூஞ்சியத் திருப்புனா நம்ம ஸ்கூல் மானம் போயிடும். என்னைப் பாரு."

ஜாடியை வாங்கி மடமடவென்று குடித்தார். வாயை எடுத்தபோது விளிம்புக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு நூல் நீண்டது, அறாமல் தொங்கியது.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு குடிப்பதுபோல் நடித்துச் சமாளித்தாள். அதன்பிறகு வந்த சூப்பை மட்டும் நிம்மதியாகக் குடித்தாள். கொதித்து வந்ததில் என்ன கெடுதி இருக்கப்போகிறது?

இங்கே எல்லாமே சூப், மசியல், பாலில் ஊறிய ரொட்டி. கடிக்க ஒன்றும் கிடையாது என்று மறுநாள்தான் உறைத்தது. சிரிக்கும்போதுகூடப் பிள்ளைகளின் உதடு பிரியவில்லை. மூன்றாம் நாள் மிஸ்ஸின் பேச்சு குழற ஆரம்பித்தது. வாயிலிருந்து கைக்குட்டை இறங்கவே இல்லை.

"மிஸ், ஊருக்குப் போயிடலாம். எனக்கு அருவருப்பா இருக்கு."

"இன்னும் பத்து நாள்தானே?"

"அப்போ என் பாஸ்போர்ட்டக் குடுங்க. நான் தனியாப் போய்க்கிறேன்."

பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் மிஸ்ஸின் கைப்பையில்தான். அவை இல்லாமல் வாசலைத் தாண்டியும் பிரயோஜனமில்லை.

"சாப்பிட்டுட்டுச் சமையலறைக்கு வா," என்றார் மிஸ், கைக்குட்டைக்குள்ளிருந்து.

போனாள். உள்ளே ஆவி, சுவரெல்லாம் பிசுபிசுத்தது. சமையல்காரம்மா முதுகைக் காட்டி நின்று, நாளைய சூப்புக்கான அண்டாவில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜாடி. மேசையிலிருந்து திரும்பி வந்த அதே ஜாடி. கவிழ்த்த பிறகும் விட்டுவிடாமல், உள்பக்கத்தை விரலால் வழித்துச் சேர்த்தாள்.

மூன்று நாள். மூன்று நாளும் அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்த சூப்.

குமட்டியது. ஒன்றும் வெளியே வரவில்லை. எச்சில் மட்டும் ஊறியது. ஊறிக்கொண்டே இருந்தது.

அடுப்போரம் மிஸ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைப்பை திறந்து கிடந்தது. மடியில் கைக்குட்டை. அதன்மேல் பற்கள், துடைத்து வரிசையாக வைத்தவை.

மிஸ் சிரித்தார். மேலும் கீழும் வழவழவென்று சிவந்த ஈறு.

"வலிக்கவே இல்லடி," என்றார்.

அவள் பாய்ந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள். திரும்பினாள். வாசலில் பிள்ளைகள். கையில் கிண்ணங்கள். ஒருவரும் விலகவில்லை.

கத்த வேண்டும். வாய் நிறைந்திருந்தது. நாக்கு முன்பல்லில் பட்டது. பல் சாய்ந்தது. பக்கத்துப் பல்லும்.

விழுங்கக் கூடாது. துப்பவும் கூடாது. பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உதட்டை இறுக்கினாள். ஓரத்தில் கசிந்தது.

சமையல்காரம்மா அவசரப்படவில்லை. ஒரு வெறுங்கிண்ணத்தை எடுத்து வந்து அவள் தாடைக்குக் கீழே ஏந்தினாள். அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சோறூட்டுகிறவள்போல, தன் வாயை அகலத் திறந்து காட்டினாள்.